குப்பர்டினோவுக்கு ஏன் 4,588 வீடு? வீட்டு ஒதுக்கீட்டுச் சண்டையில் எதைப் பார்க்க வேண்டும்

கேள்வி: "கலிபோர்னியாவின் குப்பர்டினோவில் சில வருஷம் முன்னால் வீடு வாங்கினோம். தெரு முனையில் இருக்கும் பழைய கடை வளாகத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. சிட்டி கவுன்சில் கூட்டத்துக்குப் போனால் பாதிப் பேர் 'மாநில அரசு நம் தலையில் கட்டுகிறது' என்கிறார்கள். மீதிப் பேர் 'இது ஃபேர் ஹவுசிங், சட்டப்படி செய்தே ஆகவேண்டும்' என்கிறார்கள். 4,588 வீடு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஊர் மறுக்க முடியாதா? பள்ளிக்கூடம், டிராஃபிக், வீட்டு விலை எல்லாம் என்ன ஆகும்?"

பதில்:

கூட்டத்தில் எல்லோரும் எண்ணைப் பற்றித்தான் கத்துகிறார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை வீடு என்பதைவிட, அந்த வீடுகளுக்கு ஊர் எந்த மனைகளைக் காட்டுகிறது என்பதுதான் முக்கியம். இந்த விவகாரத்தில் நியாயம் நடக்கிறதா இல்லையா என்பதை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

கலிபோர்னியாவில் ஒவ்வொரு நகரமும் கவுன்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தன் பொதுத் திட்டத்தில் வீட்டுவசதிக்கென்று ஒரு பகுதி எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டம் 1969 முதல் இருக்கிறது. அதைத்தான் ஹவுசிங் எலிமென்ட் என்கிறார்கள். இப்போது எட்டு வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மாநில வீட்டுவசதித் துறை ஒரு பிராந்தியத்துக்கு மொத்தம் எத்தனை வீடு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவின் ஒன்பது கவுன்டிகளுக்கும் அதைப் பங்கு பிரிப்பது ஏபேக் என்ற அமைப்பு. இது வெளியூர்க்காரர்கள் நடத்தும் அலுவலகம் இல்லை. இந்த ஊர்களின் மேயர்களும் கவுன்சிலர்களும் கவுன்டி மேற்பார்வையாளர்களும் உட்கார்ந்திருக்கும் மன்றம்தான். இப்படிப் பிரிக்கும் முறைக்குப் பெயர் பிராந்திய வீட்டுத் தேவை ஒதுக்கீடு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் பேச்சில் 'ரீனா' என்பார்கள்.

2023 முதல் 2031 வரையிலான இந்தச் சுற்றில் பே ஏரியாவுக்கு மாநிலம் தந்த கணக்கு 4,41,176 வீடுகள். போன சுற்றில் அது 1,87,990. அதில் குப்பர்டினோவின் பங்கு 1,064-ஆக இருந்தது, இப்போது 4,588. ஊரில் இவ்வளவு கோபம் வந்ததற்கு இந்தத் தாவல்தான் காரணம். தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இன்னும் பெரிய தாவல்: பெவர்லி ஹில்ஸுக்குப் போன சுற்றில் வந்த ஒதுக்கீடு வெறும் 3 வீடு, இந்தச் சுற்றில் 3,104. அந்த மூன்று வீட்டுக் கதையைக் கேட்டவர் யாருக்கும் பழைய முறையில் ஏதோ கோளாறு என்பது புரிந்துவிடும். ஊரில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை கட்டியிருக்கிறார்கள் என்பதை ஒட்டியே பங்கு பிரித்தால், கட்டாமல் கதவைச் சாத்தி வைத்த ஊருக்கு மேலும் மேலும் குறைவாகவே வரும். மறுப்புக்கே பரிசு கொடுத்த மாதிரி.

2017, 2018 வாக்கில் சட்டமன்றம் அதைத்தான் மாற்றியது. ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழ்வோர், வருமானத்தில் பெரும்பகுதியை வாடகைக்கே கொடுப்போர் இவர்களையும் தேவைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. பங்கு பிரிக்கும்போது நியாயமான குடியமர்வையும் ஓர் அளவுகோலாக வைக்கச் சொன்னது. ஏபேக் எடுத்துக்கொண்ட சூத்திரத்தில், குறைந்த வருமான வீடுகளைப் பிரிக்கும்போது 70 சதவீத எடை ஒரே விஷயத்துக்கு: நல்ல பள்ளி, நல்ல வேலைவாய்ப்பு, குறைந்த வறுமை உள்ள பகுதி அந்த ஊரில் எவ்வளவு. மீதி 30 சதவீதம் வேலையிடங்களுக்குக் காரிலும் பஸ், ரயிலிலும் எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்பதற்கு. குப்பர்டினோவுக்கு எண் ஏறியது இதனால்தான். நீங்கள் எந்தக் காரணத்துக்காக அந்த ஊரில் வீடு வாங்கினீர்களோ, அதே காரணத்துக்காகத்தான் மாநிலமும் அங்கே வீடு கேட்கிறது.

4,588-ம் ஒரே மாதிரி வீடுகள் இல்லை. மிகக் குறைந்த வருமானத்தாருக்கு 1,193, குறைந்த வருமானத்தாருக்கு 687, நடுத்தர வருமானத்தாருக்கு 755, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு, அதாவது சந்தை விலைக்கு, 1,953. 'குறைந்த வருமானம்' என்றதும் நம் ஆட்கள் பலர் வேறு ஏதோ கற்பனை செய்துகொள்கிறார்கள். சான்டா கிளாரா கவுன்டியில் 2023 கணக்குப்படி நான்கு பேர் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 1,37,100 டாலர் வரை சம்பாதித்தாலும் குறைந்த வருமானக் குடும்பம்தான். உங்கள் குழந்தையின் வகுப்பு ஆசிரியை, பல் மருத்துவமனையின் உதவியாளர், ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் புதுக் குடும்பம் எல்லாம் இந்த வரம்புக்குள் வந்துவிடலாம்.

கூட்டத்தில் யாரும் தெளிவாகச் சொல்லாத ஒன்று உண்டு. ஊர் இந்த வீடுகளைக் கட்ட வேண்டியதில்லை. கட்டுவதற்கு இடம் விட வேண்டும், அவ்வளவுதான். எந்தெந்த மனையில், ஏக்கருக்கு எத்தனை வீடு வீதம், எட்டு வருஷத்துக்குள் கட்ட வாய்ப்பு இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அதற்கேற்ப மனைவிதிகளை (எந்த மனையில் என்ன கட்டலாம் என்ற விதிகளை) மாற்றினால் ஊரின் கடமை பெரும்பாலும் முடிந்தது. கட்டுவது தனியார் நிறுவனங்களும் லாபநோக்கற்ற அமைப்புகளும். அதனால்தான் சந்தை விலை வீடுகள் இலக்கைத் தொட்டுவிடுகின்றன, குறைந்த வருமான வீடுகள் சுற்றுக்குச் சுற்று பின்தங்குகின்றன. அந்த வீடுகளுக்கு யாராவது பணம் போட வேண்டும், அந்தப் பணத்தை எண்ணோடு சேர்த்து மாநிலம் அனுப்புவதில்லை. ஊர்களின் இந்தக் குறை நியாயமானது. கணக்கே துல்லியமில்லை என்ற குறையிலும் உண்மை இருக்கிறது. 2022-இல் மாநிலத் தணிக்கையாளரே வீட்டுவசதித் துறையின் தேவைக் கணக்குகளில் பிழைகளும் போதிய சரிபார்ப்பின்மையும் இருப்பதாக அறிக்கை கொடுத்தார். ஆனால் எண் கொஞ்சம் கூடுதல் குறைவாக இருக்கலாம் என்பதிலிருந்து வீடே வேண்டாம் என்பதற்குத் தாவ முடியாது.

சரி, ஃபேர் ஹவுசிங், அதாவது நியாயக் குடியிருப்பு, இதற்குள் எப்படி வந்தது?

பே ஏரியாவில் உள்ள பெர்க்லி நகரத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1916-இல் அந்த ஊர் தனிவீடு மட்டுமே கட்டலாம் என்ற மனைவிதியைக் கொண்டுவந்தது. அந்தச் சமயத்தில் அங்கே மனை விற்றவர்கள் பத்திரத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதி விற்றார்கள். இன அடிப்படையில் மனைவிதி போடக்கூடாது என்று 1917-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், தனிவீடு, பெரிய மனை என்ற விதிகள் நாடு முழுக்கப் பரவின. இனத்தின் பெயரைச் சொல்லாமல் அதே வேலையை அவை செய்தன. இது கறுப்பின மக்களின் கதை மட்டும் என்று நாம் ஒதுங்க முடியாது. 1915-இல் பெஷாவரிலிருந்து வந்த பகாய் குடும்பம் பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு போனபோது, அண்டை வீட்டார் உள்ளே விடாமல் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத் தலைவர் வைஷ்ணோ தாஸ் பகாயின் குடியுரிமை பறிபோனது. 1928-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இன்று பெர்க்லி நகர மையத்தில் அவர் மனைவியின் பெயரில் கலா பகாய் வே என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

பத்திரத்தில் எழுதிய இனத் தடையை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. 1950-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் வேறு ஒரு பூட்டு போட்டார்கள்: அரசு செலவில் ஏழைகளுக்கு வாடகை வீடு கட்ட வேண்டுமானால் அந்த ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். மாநில அரசமைப்பின் 34-ஆம் பிரிவு இது. சான் ஹோசேயில் ஏழைக் குடும்பங்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-இல் தோற்றன. அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. 1963-இல் வீடு விற்பதில், வாடகைக்கு விடுவதில் பாகுபாடு கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டபோது, மறு வருஷமே வாக்காளர்கள் அதை வாக்களித்து ரத்து செய்தார்கள். பெரும்பான்மை வாக்கு அது. நீதிமன்றம் தலையிட்டுத்தான் சட்டத்தைக் காப்பாற்றியது. 'உள்ளூர் மக்கள் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டியதுதானே' என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாற்றைத்தான் நான் சொல்வேன். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் அங்கே வாக்கு. வர விரும்பி வர முடியாதவருக்கு அந்த ஊரில் வாக்கு கிடையாது.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், மத்திய நியாயக் குடியிருப்புச் சட்டம் வந்தது. பாகுபாடு காட்டாமல் இருப்பதோடு நில்லாமல், ஏற்கெனவே உண்டான பிரிவினையைக் களையவும் அரசு அமைப்புகள் முனைந்து செயல்பட வேண்டும் என்கிறது அது. இதற்கு ஒபாமா அரசு 2015-இல் கொண்டுவந்த விதியை டிரம்ப் அரசு 2018-இல் நிறுத்தி வைத்தது. அதே வருஷம் கலிபோர்னியா அந்தக் கடமையைத் தன் சொந்தச் சட்டமாக எழுதிக்கொண்டது. ஏபி 686 என்பது அதுதான். இப்போது ஒவ்வொரு ஊரும் தன் ஹவுசிங் எலிமென்டில், ஊருக்குள் யார் எங்கே வாழ்கிறார்கள், ஏன் அப்படி ஆனது, புதிய வீடுகளுக்கான மனைகள் அந்தப் பிரிவினையைக் குறைக்குமா கூட்டுமா என்று எழுதிக் காட்ட வேண்டும். ஏழைகள் குவிந்த பகுதியைச் சொல்வதோடு விடக்கூடாது, பணக்காரர்கள் குவிந்த பகுதியையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

மனை எங்கே என்பதை நான் முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம். இதற்கு மாரின் கவுன்டியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் வரும் கவுன்டி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், சாசலிட்டோவில் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்த தொழிலாளர்களுக்காக மாரின் சிட்டி என்ற குடியிருப்பை எழுப்பினார்கள். போர் முடிந்ததும் வெள்ளைத் தொழிலாளர்கள் அக்கம்பக்க ஊர்களில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அந்த ஊர்களில் பத்திரமே கதவை மூடியது. அவர்கள் அங்கேயே தங்கினார்கள். அந்தப் பிரிவு எவ்வளவு ஆழமாக நிலைத்தது என்றால், சாசலிட்டோ மாரின் சிட்டி பள்ளி மாவட்டம் இனப் பிரிவினையை நீக்க வேண்டும் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2019-இல் தலையிட வேண்டியிருந்தது.

இதே கவுன்டியில் கோர்ட்டே மடேரா என்ற சிறு நகரம் 2012-இல் ஒதுக்கீட்டின் மேல் கோபப்பட்டு ஏபேக்கிலிருந்தே விலக முடிவு செய்தது. ஆனால் மன்றத்தைவிட்டு விலகினாலும் ஒதுக்கீடு விலகாது. எந்த நகர எல்லைக்குள்ளும் வராத மாரின் கவுன்டி நிலத்துக்குப் போன சுற்றில் 185 வீடு, இந்தச் சுற்றில் 3,569. அதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மாரின் சிட்டியிலேயே டிரேக் அவென்யூவில், மூத்த குடிமக்கள் குடியிருப்பை ஒட்டினாற்போல், ஐந்து மாடியில் 74 குறைந்த வாடகை வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஊர்க் கறுப்பின மக்களே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். கவுன்டியின் குறைந்த வருமான வீடுகளில் பெரும் பங்கு ஏற்கெனவே எங்கள் தலையில் இருக்கிறது, மறுபடியும் ஏன் இங்கேயே, பக்கத்துப் பணக்கார ஊர்களான டிபுரானிலோ மில் வேலியிலோ ஏன் இல்லை என்றுதான் கேட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அந்த இடத்தில் வீட்டு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் 74 வீடு வந்தது, நல்ல செய்தி. வரைபடத்தைப் பார்த்தால் எண்பது வருஷத்துக்கு முன் போட்ட அதே கோடு. 'வீடு வந்தால் போதும், எங்கே என்றால் என்ன' என்று பேசுபவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

வரைபடத்தை மறைக்க ஊர்களுக்குத் தெரிந்த வழிகள் பல. குறைந்த வருமான வீடுகளையெல்லாம் நெடுஞ்சாலை ஓரத் தொழிற்பேட்டை நிலத்தில் காட்டுவது ஒன்று. பாலோ ஆல்டோவின் திட்டம் 101 நெடுஞ்சாலைப் பக்கத்து நிலங்களைப் பெரிதும் நம்பியது, மாநிலத்தின் ஒப்புதல் கிடைக்க 2024 வரை ஆனது. அதே ஊரில் 2013-இல் மேபெல் அவென்யூவில் வசதியில்லாத முதியவர்களுக்கு 60 வீடு கட்டும் திட்டத்தை வாக்கெடுப்பு நடத்தித் தோற்கடித்தார்கள். முதியவர்கள்தான், பள்ளிக்குக் கூட்டம் சேர்க்கப் போவதில்லை! கடை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வளாகத்தை, உரிமையாளரைக் கேட்காமலே, 'இங்கே வீடு வரும்' என்று எழுதிவிடுவது இன்னொரு வழி. வுட்சைட் நகரம் 2022-இல் ஊர் முழுவதுமே மலைச் சிங்கத்தின் வாழிடம், அதனால் ஒரு மனையில் இரட்டை வீடு அனுமதிக்க முடியாது என்றது. அட்டர்னி ஜெனரல் கடிதம் எழுதியதும் பின்வாங்கியது.

ஊர் மறுத்தால்? மறுத்த ஊர்களின் கதி தெரிந்ததுதான். மாநில ஒப்புதல் பெற்ற ஹவுசிங் எலிமென்ட் இல்லாத ஊரில், கட்டுபவர் குறிப்பிட்ட பங்கு குறைந்த வருமான வீடுகளைச் சேர்த்துக்கொண்டால், உள்ளூர் மனைவிதியைக் காட்டி விண்ணப்பத்தை நிராகரிக்க முடியாது. பில்டர்ஸ் ரெமெடி என்ற இந்த விதி 1990 முதல் சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. 2022-இல் சான்டா மோனிகா திட்டமில்லாமல் நின்ற இடைவெளியில் 4,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. ஹன்டிங்டன் பீச், தனிச் சாசனம் உள்ள நகரம் நாங்கள், மாநில விதி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று மத்திய நீதிமன்றம் போனது. 2024-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பே ஏரியாவில் ஒதுக்கீட்டை எதிர்த்து ஏபேக்கில் முறையிட்ட ஊர்கள் இரண்டு டஜனுக்கு மேல், ஏறத்தாழ எல்லாமே நிராகரிக்கப்பட்டன. உங்கள் ஊரிலேயே வால்கோ மால் கதை நடந்தது. ஊர் வருஷக்கணக்கில் இழுத்ததும், 2018-இல் உரிமையாளர் எஸ்பி 35 சட்டத்தின் கீழ் 2,402 வீடுகளுக்கு, பாதி குறைந்த வாடகையில், விண்ணப்பித்தார். அந்தச் சட்டப்படி ஊர் அனுமதித்தே ஆக வேண்டியிருந்தது. எதிர்த்துப் போட்ட வழக்கு 2020-இல் தள்ளுபடியானது. ஊரோடு கலந்து பேசி நல்ல வடிவம் பெற்றிருக்கக் கூடிய இடம், பேச்சே இல்லாமல் போனது. இழுத்தடித்ததால் குடியிருப்போருக்குக் கிடைத்தது என்ன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குப்பர்டினோ யூனியன் பள்ளி மாவட்டம் மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற இரண்டு ஆரம்பப் பள்ளிகளை மூடியது. இளம் குடும்பங்களால் அங்கே குடிவர முடியவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். கூட்டம் வழியும் என்று பயப்படும் ஊரில் வகுப்பறைகள் காலியாகின்றன.

டிராஃபிக் உண்மையான தொல்லை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2017-இல் திறந்த ஆப்பிள் பார்க்கில் சுமார் 12,000 பேருக்கு இடம். அலுவலகத்தை ஊர் வரவேற்றது, அதில் வேலை செய்பவர்களுக்கு வீடு கேட்டால் இடமில்லை என்றது. இதற்குப் பின்னால் 1978-இன் புரொபொசிஷன் 13 என்ற வாக்கெடுப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டுவரி ஏற்றத்துக்கு அது உச்சவரம்பு போட்ட பிறகு, ஊர்களுக்கு வீட்டைவிட அலுவலகமும் கடையும் லாபமாகத் தெரிகின்றன. ஆகவே தொலைவிலுள்ள டிரேசியிலிருந்தும் கில்ராயிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வருகிறார்கள், 280, 85 நெடுஞ்சாலைகளில் நீங்கள் அவர்களோடு நிற்கிறீர்கள்.

வீட்டு விலை: தெரு முனையில் அடுக்குமாடி வந்ததால் தனிவீட்டு விலை சரிந்தது என்று காட்ட நல்ல ஆதாரம் கிடையாது, அதுவும் குப்பர்டினோ மாதிரி ஊரில். வாடகை ஏறும் வேகம் தணியும். உங்கள் பெண்ணோ பையனோ படித்து முடித்து அதே ஊரில் இருக்க ஆசைப்படும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருவோம். போவதற்கு முன் நகரத்தின் இணையதளத்தில் ஹவுசிங் எலிமென்டை எடுத்து, பின்னிணைப்பில் மனைப் பட்டியல் என்ற அட்டவணையைத் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் மனை எண், முகவரி, இப்போது அங்கே என்ன இருக்கிறது, எத்தனை ஏக்கர், எத்தனை வீடு, எந்த வருமானப் பிரிவு என்று இருக்கும். பெரும்பாலும் வாகனம் நிறுத்தும் இடம், பழைய வங்கிக் கட்டடம், டோனட் கடையும் சலவைக் கடையும் உள்ள சிறு வளாகம் என்றுதான் வரும். குறைந்த வருமானப் பிரிவு என்று போட்ட வரிகளை மட்டும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். நல்ல பள்ளிகளுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றனவா, அல்லது நெடுஞ்சாலைச் சத்தத்தின் ஓரத்திலா? தனிவீட்டுத் தெருக்கள் பக்கம் ஒரு புள்ளியாவது விழுந்திருக்கிறதா? கால் ஏக்கர், அரை ஏக்கருக்கும் குறைவான துண்டு மனைகளைக் காட்டியிருந்தால் அங்கே இந்த வீடுகள் வருவது கஷ்டம், ஊருக்கும் அது தெரியும்.

பேச இரண்டு மூன்று நிமிஷம்தான் தருவார்கள். அதனால் கூட்டத்துக்கு முன்பே நகர எழுத்தருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், அது பதிவேட்டில் சேரும். மாநில வீட்டுவசதித் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பலாம், இப்படி வரும் கடிதங்களை அவர்கள் வாசிக்கிறார்கள். உங்கள் தெருமுனைத் திட்டத்தில் பாதசாரிக் கடவை, நிழல் விழும் பக்கம், லாரி வந்து நிற்கும் இடம், இடிபடும் கடைக்காரர்களுக்கு மறுஇடம் இவற்றைக் கேட்டால் கட்டுபவரும் ஊர் அதிகாரிகளும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும், மாற்றமும் கிடைக்கும். குறைந்த வருமான வீடுகள் அதே கட்டடத்தில், அதே வாசலோடு வருமா என்றும் கேளுங்கள். 'இங்கே வேண்டாம்' என்ற ஒன்றை மட்டும் கேட்டால் சட்டத்தில் அதற்குப் பதிலே இல்லை, கவுன்சிலர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.